நாலடி

ஒன்பதடி எறியும்.
குழி இருப்பதோ பதின்மூன்றடியில்.
மீதி நாலடிக்கு
இரண்டு பேர், இரண்டு கவைக்கோல்,
தலைக்கு ஐநூறு.

கெலமங்கலம் தாண்டி
நஞ்சேகவுடரின் மாட்டுப்பண்ணை.
மார்கழி, ஆறரை மணி.
வெளிச்சம் வந்துவிட்டது, ஆள்தான் தெரியவில்லை.
என் குட்டி டிராக்டரின் மூக்கில் பனி சொட்டுகிறது.
தாளில் பதினெட்டுக் குதிரை.
மேடு ஏறும்போது நான் எண்ணியவரை பதினொன்று.
பின்னால் தட்டு வெட்டும் பெட்டி,
அதற்கொரு வாத்துக் கழுத்து.
ஈரச் சோளத்தட்டு உள்ளே போனால்
விக்கும். இருமும்.
பிறகு பால் கக்கும் குழந்தைபோலத்
தன் மார்பிலேயே வழியவிடும்.

வேகத்தைக் கூட்டுக்கா என்றான் திம்மராயன்.
கூட்டினேன். பெல்ட் வழுக்கியது.
கருகிய ரப்பர் வாடைக்கு
முப்பது மாடும் திரும்பிப் பார்த்தன.
கழுத்தை நீட்டும்மா என்றார் கவுடர்.
தகரம் சேர்த்து நீட்டினோம்.
எட்டடியாகக் குறைந்தது.
அவ்வளவு நீளக் கழுத்துக்குள் நடந்தே
களைத்துப்போயிருந்தது தட்டு.

ஐந்தாம் தேதி வங்கித் தவணை.
அன்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்
பெட்டியைத் திறந்து,
விசிறித் தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். போனது.
மோதிரவிரலும் போனது.
அடப்பாவி,
இங்கேயா ஒளிந்திருந்தாய் நாலடியே!
எறிய வேண்டிய காற்றெல்லாம்
இந்தச் சந்தில் புகுந்து
திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது,
வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு
பஸ் ஸ்டாண்டிலேயே பொழுதைக் கழிப்பவன்போல.

ராயக்கோட்டையில் சாம்ராஜின் லேத்.
கல்குவாரியில் கழித்துப் போட்ட பெல்ட்டில்
நாலு துண்டு. தகட்டுக்கு மூன்று போல்ட்.
"ஒட்டி உரசட்டும்.
ஒருநாள் கத்தும்,
அப்புறம் தன் அளவுக்குத் தானே தேஞ்சுக்கும்."
நூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.
கழுத்தின் உள்துருவை உப்புத்தாளால் தேய்த்து
கரண்ட் போனால் ஆகுமென்று வைத்திருந்த
இரண்டு மெழுகுவத்தியையும்
அதற்கே தடவித் தீர்த்தேன்.

மறுநாள் அதே பனி, அதே ஈரத் தட்டு.
கிளட்ச்சை விட்டேன்.
கத்தியது. கத்தியபடியே
பச்சையாய் ஒரு வில் எழுந்து
குழியின் அக்கரைச் சுவரில் அறைந்தது.
கவுடரின் டீ டம்ளரில்கூட ஒரு கை தட்டு.
திம்மராயன் விசிலடித்தான்.

பசவக்காவும் ஜெயசீலியும்
கவைக்கோலோடு நின்றிருந்தார்கள்.
அவர்களுக்கு முன்னால்
ஒன்றுமே விழவில்லை.
நாலடி மண், சுத்தமாக.

நான் அந்தப் பக்கம் பார்க்காமல்
எண்ணெய் அளவைப் பார்த்தேன்.
அளவு சரியாகத்தான் இருந்தது.
இன்னொருத்தர் மெஷினுக்கு முன்னால்
இதே மாதிரி நாலடியில்
ஆறு வருஷம் நின்றவள் நான்.
இடது உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

பசவக்கா கவைக்கோலை மண்ணில் குத்திவிட்டு
குதிகாலோடு விரல் ஒட்ட
அளந்துகொண்டே நடந்தாள்.
பதினாறு.
குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.
உள்ளே முழங்கால்வரை புதைந்து
ஒற்றை ஆளாய் மிதித்துத் திணறினான் திம்மராயன்.
"இந்த வேகத்துக்குக் கொட்டினா
மிதிக்கிறது யாரு?
காத்து நின்னா பூசணம் பூக்கும், கவுடரே.
மாடு மோந்துகூடப் பாக்காது."
யாரும் பதில் சொல்லவில்லை.
"மிதிக்கிறது வேற வேலை. அறுநூறு."

கவுடர் என்னைப் பார்த்தார்.
நான் கழுத்தைப் பார்த்தேன்.
பெல்ட் கொஞ்சம் கத்துது என்றேன்.

ஐநூற்றைம்பதில் முடிந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து இறங்கினார்கள்.
இறங்கிய உடனே
இருவர் தலையிலும் கொட்டியது பச்சை மழை.
"ஏய், கண்ணு தெரியலையா உனக்கு?
அந்தப் பக்கம் எறி!"

வாய்த்தகட்டை இரண்டு பல் திருப்பினேன்.
பனியில் அவள் முகம் தெரியவில்லை.
திட்டியது மட்டும்
பதினாறடியும் தாண்டி
நன்றாகவே வந்து சேர்ந்தது.